ஆறாவது பெயர்

லெயிலானி என்ற பெயரை நான் முதலில் கேட்டது பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஒருவரின் வாயிலிருந்து. ஒன்ராறியோ மாகாணத்து மல்வேர்னில், எங்கள் தொடர்வீட்டு வரிசையில், அவர் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான். பதினேழு வருடங்களாக நான் அவரை அண்ணை என்று கூப்பிட்டேன். அவர் என்னைத் தங்கச்சி என்றார்.

ஒரு ஜனவரி சனிக்கிழமை காலை, இருவரும் அவரவர் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தோம். அவர் ஷவலைப் பனியில் ஊன்றிவிட்டு என் பக்கம் வந்தார்.

"தங்கச்சி, நீர் பேப்பரில வேலை செய்யிற ஆள். ஒரு பேருக்குக் கருத்துப் பாத்துச் சொல்லும்."

"என்ன பேர் அண்ணை?"

"லெயிலானி."

"ஆர் அது?"

"என்ர பஸ்ஸில ரெண்டு லெயிலானி வருகினம். நான் கேக்கிறது மூண்டாவதுக்கு. அவள் இன்னும் பிறக்கேல்லை."

அவருடைய கடைசி மகள் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. மருந்துக் கடையொன்றில் வேலை. கணவனோடு அப்பாவின் வீட்டிலேயே இருந்தாள். பிறக்கப்போவது பெண் என்று தெரிந்திருந்தது. பெயரை அவளே தேர்ந்திருந்தாள்.

அவளுக்கு அந்தப் பெயர் கிடைத்த விதத்தைச் சொல்லவேண்டும். ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் அண்ணையின் கைக்கு அந்த வருடம் பஸ்ஸில் வரப்போகும் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் வரும். அவர் அதைக் குசினி மேசையில் வைத்து, சத்தமாக வாசித்துப் பழகுவார். சோமாலியப் பெயர், சீனப் பெயர், கயானாப் பெயர், எங்கள் பெயர். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். ஒரு பெயர், ஒரு நிறுத்தம், அதே பெயர் இன்னும் மெதுவாக, பிறகு அடுத்தது. முதல் நாள் காலையில் எந்தப் பிள்ளையையும் அவர் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டதில்லை. காரணம் கேட்டேன். "பேரைப் பிழையாச் சொன்னா, பிள்ளை அண்டைக்கு முழுக்கக் குனிஞ்சபடிதான் இருக்கும். நான் கண்ணாடிக்குள்ளால பாக்கிறனான்" என்றார்.

இரவுச் சாப்பாட்டில் அவர் பஸ் கதைகள்தான் சொல்வாராம். இறங்கும்போது ஒரு நாளும் தவறாமல் நன்றி சொல்லும் பிள்ளை ஒன்று உண்டு. அதன் பெயர் லெயிலானி. தினமும் ஒரு கையுறையைத் தொலைக்கும் பிள்ளை ஒன்று, அதுவும் லெயிலானி. ஒரு வருடம் முழுக்க அப்பாவின் வாயால் அந்தப் பெயரைக் கேட்ட மகள், அதையே தன் பிள்ளைக்கு எடுத்துவிட்டாள். அவருக்குப் பெருமைதான். கூடவே ஒரு பயமும் இருந்தது.

"என்ர வாயால வந்த பேர். கருத்து ஏதும் கோணலா இருந்திடக் கூடாது, என்ன?"

இருபது வருடங்களுக்கு மேலாக நான் ஒரு இலவசத் தமிழ் வாரப் பத்திரிகையில் பக்கம் அமைக்கிறேன். என் பொறுப்பு பின்பக்கங்கள்: பிறந்தநாள் வாழ்த்து, திருமண வாழ்த்து, மரண அறிவித்தல். பெயர்கள் காலத்தோடு மாறுவதை அந்தப் பக்கங்களில் பார்த்திருக்கிறேன். நான் சேர்ந்தபோது பெண் பிள்ளைகளுக்கு ஷினி, ஜினி என்று முடிகிற பெயர்கள் வரிசையாக வந்தன. பிறகு இரண்டெழுத்து, மூன்றெழுத்துப் பெயர்களின் காலம். இப்போது பெயர்கள் எங்கிருந்தும் வருகின்றன, அயர்லாந்திலிருந்துகூட.

அன்று மத்தியானம் தேடிப் பார்த்தேன். பெயர் ஹவாய்த் தீவுகளுடையது. குழந்தைப் பெயர்த் தளங்கள் எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுபோல "சொர்க்கத்துப் பூ" என்றன. ஒரே வசனம் பத்து இடத்தில் இருந்தால் பத்திரிகையில் அதை ஒரே ஒரு ஆதாரமாகத்தான் எண்ணுவோம். ஆகவே ஹவாய் மொழி அகராதிக்குப் போனேன். லெயி என்றால் பூ அல்ல. பூவாலோ இலையாலோ சிப்பியாலோ கோத்துக் கழுத்தில் போடும் மாலை. லானி என்றால் வானம். அரச குலத்தவர்களையும் அந்தச் சொல்லால் குறிப்பார்கள். வானத்து மாலை. அரசர் வீட்டு மாலை என்றும் கொள்ளலாம். இதோடு இன்னொரு விளக்கமும் இருந்தது. பிரியமான பிள்ளையையும் அவர்கள் மாலை என்றே சொல்வார்களாம். தோளில் ஏற்றி வைத்தால் பிள்ளையின் இரண்டு கால்களும் கழுத்தின் இரு பக்கமும் தொங்குகின்றன அல்லவா, அதனால்.

பெயர் எவ்வளவு பரவியிருக்கிறது என்றும் பார்த்தேன். ஒன்ராறியோவில் பிறக்கும் பிள்ளைகளின் பெயர்களை மாகாணம் எண்ணி வெளியிடுகிறது. லெயிலானி அதில் இருந்தது, ஏறிக்கொண்டும் இருந்தது. எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் அது இன்னும் மேலே நின்றது. ஹவாயை வரைபடத்தில் காட்டத் தெரியாதவர்களும் வைக்கிறார்கள். காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமல்ல. ஹவாய் மொழியில் ஒவ்வொரு அசையும் உயிரொலியில்தான் முடியும். எந்த நாட்டு வாயும் தடக்குப்படாது.

பின்னேரம் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் பரவி வருகிறது என்பதை மட்டும் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியும்" என்றார். "லிஸ்ற்றில ஒரு பேர் புதுசா வந்தா, அடுத்த வருசம் ரெண்டு வரும். அதுக்கடுத்த வருசம் தகப்பன்ர முதலெழுத்தையும் சேத்துக் கூப்பிடோணும். நல்ல பேரெண்டா நாலு பேர் வைக்கத்தானே செய்வினம்?"

மாலை விளக்கத்தை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். பிறகு தன் வலது தோளைத் தடவிப் பார்த்தார். "ஸ்ரியரிங் பிடிச்சுப் பிடிச்சு இந்தத் தோள் சரியில்லை. மற்றதில வைப்பம்."

பெப்ரவரி கடைசியில் பிள்ளை பிறந்தது. ஐந்தாம் நாளே தாய் இணையத்தில் பெயரைப் பதிந்துவிட்டாள்; இங்கே முப்பது நாளுக்குள் பதியவேண்டும். பெயர் அவர்களுடைய குடும்ப வட்ஸ்அப் குழுவுக்குப் போனதும் பிரச்சினை தொடங்கியது. அண்ணையின் தமையனார் றிச்மண்ட் ஹில்லில் இருப்பவர். இலங்கையில் தபாற்கந்தோரில் வேலை செய்தவர். அந்தக் குடும்பத்தில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் பேனை அவர் கையில்தான் இருக்கும். அவர் குரல்பதிவு அனுப்பியிருந்தார். அதை மகள் என் குசினியில் நின்று போட்டுக் காட்டினாள்.

"உதென்ன பேர்? சவுக்காரத்துக்கு வைக்கிற பேர் மாதிரிக் கிடக்கு. முப்பத்தொண்டாம் நாள் கழியட்டும், சாத்திரியாரிட்டை எழுத்துக் கேட்டு, வடிவான தமிழ்ப் பேரா வைப்பம். எங்கட சனத்தில ஒருத்தருக்கும் இல்லாத பேர் உது."

"நீர் என்ன சொன்னீர்?" என்று கேட்டேன்.

"பெரியப்பா, உங்கட பேர் தமிழோ எண்டு கேட்டன்." அவள் சிரித்தாள். "அன்ரி, ஸீரியஸ்லி, அவரின்ர பேர் முழுக்க சமஸ்கிருதம்."

அந்தக் குழுவிலேயே இன்னொருவர், தன் மகளின் வகுப்பில் லெயிலானிகள் மலிந்து போனார்கள் என்று எழுதியிருந்தார். ஒருத்தருக்கும் இல்லாத பெயர் என்று முறையிட்டவர்களும் எல்லோருக்கும் இருக்கிற பெயர் என்று முறையிட்டவர்களும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். பெரியப்பாவிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டதோடு சரி, அவள் வேறு எவருக்கும் பதில் எழுதவில்லை. பிள்ளையின் காலடிப் படத்தைப் போட்டு, கீழே பெயரை எழுதினாள். தன்னுடையதென்று முடிவான ஒன்றுக்காக வாதாடாத அந்த நிதானத்தை நான் அதிகம் பேரிடம் கண்டதில்லை.

அண்ணை குழுவில் எதுவும் பேசவில்லை. அவர் எழுதுகிற ஆள் அல்ல. பின்னேரம் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து, கையைக் கழுவி, பிள்ளையை மடியில் கிடத்தி, பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். தோளில் எப்போது வைப்பீர்கள் என்று ஒரு தரம் கேட்டேன். "கழுத்து நிக்கட்டும் தங்கச்சி. அவசரமே?" என்றார்.

பிள்ளைக்குப் பத்தொன்பதாம் நாள், மார்ச் மாதத்துத் திங்கட்கிழமை காலை, பஸ் எடுக்கப் புறப்பட்டவர் வாசலிலேயே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் முடிந்துவிட்டது. மாரடைப்பு.

எங்கள் பத்திரிகை புதன்கிழமை பின்னேரம் அச்சுக்குப் போகும். செவ்வாய் காலை தமையனாரிடமிருந்து மரண அறிவித்தல் வந்தது. கோடு போட்ட தாளில் கையால் எழுதி, படம் எடுத்து அனுப்பியிருந்தார். அழகான எழுத்து, ஒரு வெட்டுக்கூட இல்லை. எங்கள் அறிவித்தல் தெரிந்ததுதானே: பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பெற்றோர், காலஞ்சென்ற மனைவி, பிள்ளைகள், மருமக்கள், சகோதரர், மைத்துனர், சகலர், கடைசியில் பேரப்பிள்ளைகள். எல்லோரும் பெயரோடு. அறிவித்தலில் விடுபட்ட ஒரு மைத்துனருக்காக ஆண்டுக்கணக்கில் பேசாமலிருக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரியும். அதே வரிகள்தான் பிறகு முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகத்துக்குப் போகும். அந்தப் புத்தகத்தை நாங்கள் கல்வெட்டு என்கிறோம். தாளில் அச்சடிப்பதற்குக் கல் என்று பெயர் வைத்த சனம்.

நான் எழுத்துக் கோத்து, பிழை பார்த்து, மத்தியானம் அச்சுக்கு முந்திய புரூப்பைத் தமையனாருக்கு அனுப்பினேன். அவர் அண்ணையின் பிள்ளைகள் மூவருக்கும் அதை அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் என் கதவு தட்டப்பட்டது. கடைசி மகள், பிள்ளையைப் போர்வையில் சுற்றி நெஞ்சோடு பிடித்தபடி.

"அன்ரி, இவளின்ர பேர் இல்லை."

"உங்கட பெரியப்பா தந்த லிஸ்ற்றில இல்லை அம்மா."

"ஐ நோ. கேட்டனான். முப்பத்தொண்டு கழியாத பிள்ளைக்குப் பேர் இல்லையாம்." அவள் உட்காரவில்லை. "பச்சைப் பிள்ளையைச் செத்தவீட்டுக்குக் கொண்டு வரக்கூடாதாம். ஓகே, நான் கொண்டு வரேல்லை. அவளுக்கு அம்மப்பாவைப் பாக்க ஏலாது. அவளின்ர பேர் எண்டாலும் அங்க போகட்டும், அன்ரி. அவரின்ர வாயால வந்த பேர் அது."

பத்திரிகையில் ஒரு நடைமுறை உண்டு. அறிவித்தலைத் தந்தவர் எவரோ அவர் சொன்னால்தான் எழுத்தை மாற்றலாம். அழுதுகொண்டு வருகிற எவருக்காகவும் மாற்றினால், அடுத்த நாள் மற்றவர் அழுதுகொண்டு வருவார். இதை நான் அவளுக்குச் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

"அப்ப பெரியப்பாவோட கதையுங்கோ. நான் கதைச்சா நான் சின்னப்பிள்ளை. நீங்கள் கதைச்சா பேப்பர்."

போகும்போது பிள்ளை ஒரு தரம் கண் திறந்து பார்த்தது. நான் தொலைபேசியை எடுத்தேன்.

"பெரியண்ணை, புரூப் பாத்தீங்களோ?"

"பாத்தன் பிள்ளை. ஒரு எழுத்துப் பிழை இல்லை."

"கடைசிப் பேத்தியின்ர பேர் இல்லையே."

"அவள் வந்து உம்மட்டை நிண்டவளோ?"

"ஓம்."

பெருமூச்சு கேட்டது. "பிள்ளை, நான் கல்நெஞ்சன் இல்லை. முறை எண்டு ஒண்டு இருக்கு. முப்பத்தொண்டில தொட்டில் கட்டிப் பேர் வைக்கிறது. அதுக்கு முதல் பேர் இல்லை. பேர் இல்லாததை என்னெண்டு போடுறது?"

"பதிஞ்சாச்சாம், பெரியண்ணை."

"அது கவுண்மேந்துக்கு."

"கவுண்மேந்துக்குத் தெரிஞ்ச பேர் எங்கட சனத்துக்குத் தெரியக்கூடாதோ?"

"நீரும் அவளை மாதிரியே கதைக்கிறீர்."

அப்போதுதான் பனி அள்ளிய காலையைச் சொன்னேன். அவருடைய தம்பி என்னிடம் கருத்துக் கேட்டதையும், பெயர் அவர் வாயிலிருந்துதான் மகளுக்குப் போனது என்பதையும், மாலை என்றால் தோளில் ஏற்றும் பிள்ளை என்று கேட்டுத் தன் தோளைத் தடவியதையும் சொன்னேன்.

"தம்பி எனக்கு ஒண்டும் சொல்லேல்லை" என்றார்.

"குறூப்பில நீங்கள் சவுக்காரம் எண்டு சொன்னாப் பிறகு என்னெண்டு சொல்லுறது?"

"அதையும் போட்டுக் காட்டினவளோ!" பிறகு குரலை இறுக்கிக்கொண்டார். "சரி. அவனுக்குப் பிடிச்சதெண்டா வீட்டில கூப்பிடட்டும். நோட்டீஸ் வேற. அது நாலு நாட்டில இருந்து வாசிக்கிற சாமான். நான் பாத்துப் பாத்து எழுதினது. பேரப்பிள்ளையள் ஆறு பேரையும் மூப்பு இளமைப்படி போட்டிருக்கிறன்."

"ஆறோ?"

"ஆறு."

கைக்குழந்தையோடு சேர்த்தால்தான் ஆறு. கிறிஸ்மஸ் விடுமுறையில் பக்கத்து வீட்டு வாசலில் சின்னச் சப்பாத்துகள் ஐந்து சோடி கிடக்கும். பனி அள்ளும்போது பார்த்திருக்கிறேன். புரூப்பை எடுத்து எண்ணினேன். ஆறு பெயர்கள் இருந்தன. காலையிலேயே எண்ணியிருக்கவேண்டும். தெரிந்த வீடு என்று எண்ணாமல் விட்டது என் பிழை.

"பெரியண்ணை, ஒவ்வொண்டா வாசியுங்கோவன். ஆரின்ர பிள்ளை எண்டும் சொல்லுங்கோ."

அவர் வாசித்தார். முதல் இரண்டும் மூத்த மகளுடையவை. மூன்றாவது மகனின் மூத்த பெண். "நாலாவது அவன்ர ரெண்டாவது, பொடியன். அஞ்சாவது அவன்ர கடைக்குட்டி. ஆறாவது…" நின்றார். "ஆறாவதும் மகன்ர பொடியன்தான்."

"மகனுக்கு மூண்டு பிள்ளையள்தானே. பொடியன் ஒண்டு."

தொலைபேசிக்குப் பின்னால் ஒரு பெண்ணின் சிரிப்பு கேட்டது. அவருடைய மனைவி. "நாலாவதும் ஆறாவதும் ஒரே பொடியன் அப்பா! ஒண்டு பள்ளிக்கூடப் பேர், மற்றது வீட்டுப் பேர். பிறந்த நாள் தொடக்கம் வீட்டுப் பேரில கூப்பிட்டா உப்பிடித்தான்!"

எங்கள் வீடுகளில் இது நடக்கும். பிள்ளைக்குப் பதிவில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர். பெரியப்பாமார் சித்தப்பாமாருக்கு இரண்டாவது மட்டும்தான் தெரியும். முதலாவது எப்போதாவது ஒரு வாழ்த்து அட்டையில் கண்ணில் படும். தமையனார் இரண்டையும் எங்கோ குறித்து வைத்திருந்து, இரண்டு பிள்ளைகளாக எழுதிவிட்டார். முறைப்படி பெயர் வைக்கப்படவில்லை என்று ஒரு பிள்ளையை விட்டவர், பெயர் இரண்டு இருந்ததால் இல்லாத பிள்ளை ஒன்றைச் சேர்த்திருந்தார்.

இதை நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. அவர் தானே சிரிக்கத் தொடங்கினார். முதலில் மெதுவாக, பிறகு இருமல் வரும்வரை. சிரிப்பு முடிகிற இடத்தில் குரல் உடைந்தது. தம்பி போனபிறகு அவர் அழுதது அப்போதுதான் என்று மனைவி பின்னர் சொன்னார்.

"பிள்ளை."

"சொல்லுங்கோ."

"இல்லாத பொடியனை எடுத்துப்போட்டு இருக்கிற பெட்டையைப் போடும்."

"பேர் எப்பிடி எண்டு சொல்லட்டோ?"

"சொல்லும், எழுதுறன்."

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். நிறுத்தினார். இன்னும் மெதுவாக மறுபடி சொன்னார். ஆகஸ்ட் மாதங்களில் சுவருக்கு அப்பாலிருந்து கேட்ட அதே நிறுத்தம். அண்ணனும் தம்பியும் சின்ன வயதில் ஒரே மேசையில் வாசித்துப் பழகியவர்களாக இருக்கவேண்டும்.

சனிக்கிழமை மலர்ச்சாலையில் அண்ணையின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு பலகையில் எங்கள் பத்திரிகையின் அறிவித்தலைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் மஞ்சள் மட்டையில் பஸ் போலவே வெட்டிய ஒரு பெரிய அட்டை. அவருடைய பஸ்ஸில் வந்த பிள்ளைகள் ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் தங்கள் பெயரை எழுதி அனுப்பியிருந்தார்கள். தமையனார் கறுப்புக் கோட்டோடு பலகை அருகே நின்று வருகிறவர்களை வரவேற்றார். மொன்றியலிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு அறிவித்தலை வாசித்தார். பேரப்பிள்ளைகளின் வரியில் நின்றார்.

"உதென்ன பேர் அண்ணை, கடைசியில?"

"அது ஹவாய்ப் பேர்" என்றார் தமையனார். "வானத்து மாலை எண்டு கருத்து. தம்பி தன்ர பஸ் லிஸ்ற்றில பாத்து எடுத்தவன். இப்ப எல்லா இடமும் வைக்கினம், தெரியாதே?"

அதே விளக்கத்தை அன்று அவர் எத்தனை பேருக்குச் சொன்னார் என்று நான் எண்ணவில்லை. நான் நின்ற நேரத்தில் நாலு தரம் கேட்டது. நாலாவது தரம், தோளில் பிள்ளை இருக்கும் விதத்தைக் கையால் காட்டியும் சொன்னார்.

மகள் தனியாக வந்தாள். பிள்ளையைக் கணவனிடம் வீட்டில் விட்டிருந்தாள். வந்தவர்களுக்குக் கை கொடுத்து முடித்து, பலகைக்கு முன் போய் நின்றாள். பேரப்பிள்ளைகளின் வரியில் விரலை வைத்து, ஒவ்வொரு பெயராக நகர்த்திக்கொண்டு போனாள். ஆறாவதில் விரல் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஆறுதானே, அன்ரி?"

"ஓம், ஆறு."

பிறகு மஞ்சள் அட்டையைப் பார்த்தாள். மூன்றாவது ஜன்னலில் லெயிலானி என்று ஆங்கிலத்தில் நேராக எழுதியிருந்தது. கடைசி ஜன்னலில் அதே பெயர் ஊதாக் கலரில், இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்தும் டயருக்கு மேல் இறங்கியிருந்தது.

"இதுதான் கையுறை துலைக்கிறவ" என்றாள். கைபேசியை எடுத்து, அட்டையும் அறிவித்தலும் ஒன்றாக விழும்படி இரண்டடி பின்னே நகர்ந்து, ஒரு படம் எடுத்தாள். எடுத்ததைப் பெரிதாக்கி எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிந்தது. நேரத்தைப் பார்த்தாள்.

"மூண்டு மணிக்கு அவளுக்குப் பால் குடுக்கோணும், அன்ரி. போட்டு வாறன்."

பெரியப்பாவிடம் போய் ஏதோ சொன்னாள். அவர் அவளுடைய கோட்டை எடுத்து, கை நுழையும்படி விரித்துப் பிடித்தார்.